பாவா கொண்டுவந்த வெள்ளை ஒயின்

யுத்தம் முடிந்து கப்பல்கள் மறுபடி ஓடத் தொடங்கிய பிறகு, என் அக்காவின் கணவர், எங்கள் பாவா, புதுச்சேரியிலிருந்து திருத்தணிக்கு ஒரு பாட்டிலை வேட்டியில் சுற்றிக் கொண்டுவந்தார். எங்கள் ஜில்லாவில் மதுவிலக்கு. ரயிலில் யாராவது பெட்டியைத் திறந்து பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். "முருகன் பாத்துப்பாரு" என்றார். அவருடைய அசட்டுத்தனம் அத்தனைக்கும் மலைமேல் இருப்பவர்தான் ஜவாப்தாரி.

பாவா ஒரு பிரெஞ்சு வியாபாரியிடம் குமாஸ்தா. அந்த முதலாளியின் குடும்பத்துக்குச் சொந்த தேசத்தில் பரம்பரைத் திராட்சைத் தோட்டம் உண்டு. அங்கே செய்த வெள்ளை ஒயின் அது. குடித்துப் பார்த்து அதன் ருசியைப் பத்து வரி எழுது, சரியாக எழுதினால் அதை விற்கும் வேலையும் குடியிருக்க வீடும் தருகிறேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார். வீடு கிடைத்தால்தான் அக்காவை அழைத்துப் போக முடியும். கல்யாணமாகி மூன்று வருஷமாக அவள் எங்களோடுதான் இருந்தாள்.

ஆனால் பாவா குடிக்க மாட்டார். கிருத்திகை விரதமாம். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை.

"நீ குடிச்சிட்டு சொல்லு, நான் எழுதிக்கிறேன்."

கார்க்கைக் கரண்டிக் காம்பால் உள்ளே தள்ளித் திறந்தேன். வைத்தியர் தரும் திராட்சாரிஷ்டம் போல இனிக்கும் என்று நம்பி ஒரே மடக்காகக் குடித்தேன்.

"புளிக்குது, பாவா."

"அப்டி எழுதினா வீடு குடுப்பானா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதற்குள் அக்கா அடுப்பங்கரையிலிருந்து வந்து, டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்தாள்.

"வெயில்ல காஞ்ச பாறை மேல மொத மழை விழுந்தா ஒரு வாசனை வருமே, அது. அப்பறம் நார்த்தங்கா தோலு. முழுங்கினப்பறம் நாக்குல லேசா சுண்ணாம்பு ஒட்டிகினு இருக்குது."

அப்படியே இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தேன். வேலை வந்தது, வீடும் வந்தது. அக்காவை மட்டும் பாவா அழைக்கவில்லை. மதுவைத் தொட்ட பெண்ணை நாலு பேர் நடுவில் வைத்துக் குடித்தனம் நடத்த யோசனையாக இருக்கிறது என்று எனக்குக் கடிதம் போட்டார். கிழித்து எறிந்தேன். அக்கா அதை ஏற்கெனவே படித்திருந்தாள்.

ஆறு மாதம் கழித்து வந்தார், இரண்டு பாட்டிலோடு. புதுச் சரக்காம், முதலாளி ருசி கேட்கிறாராம். வெட்கமே இல்லாமல் டம்ளரில் ஊற்றி அவள் முன்னால் வைத்தார். அடித்துவிடலாமா என்றிருந்தது எனக்கு.

அக்கா டம்ளரைத் தள்ளி வைத்தாள்.

"அங்க வந்து சொல்றேன். இட்டுகினு போங்க."

"நாலு பேரு இன்னா..."

"அப்ப அந்த நாலு பேரையே குடிச்சிப் பாத்து சொல்லச் சொல்லுங்க."

பாவா என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அக்கா இரண்டு பாட்டிலையும் தன் டிரங்குப் பெட்டியில் புடவைகளுக்கு நடுவே வைத்துப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். சாயங்கால வண்டியில் அவள் ஏறினாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாவா பின்னால் ஏறினார்.