இரத்தினசிங்கத்தின் வேலைப் புத்தகம்

மூன்று தரம் சவர்க்காரம் போட்டும் நகக்கண்ணில் கறுப்பு நிற்கிறதென்று பழைய பிரஷ்ஷால் தேய்ப்பார் இரத்தினசிங்கம். பிறகு துவாயில் கையை ஒற்றிவிட்டு, சாமிப்படத் தட்டிலிருந்து வேலைப் புத்தகத்தை எடுப்பார். பிரவுண் பேப்பர் உறை, மூலையில் வாணிவிழாவன்று சரஸ்வதி பூசையில் வைத்த சந்தனப்பொட்டு. அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு, அன்றைக்குச் செய்த வேலையை முத்து முத்தாக எழுதுவார். மூன்று வருடமாக, வேலைவிட்டு வந்ததும் இதுதான் நடந்தது.

"கலியாண எழுத்திலை கையெழுத்து வைக்கக்கூட இந்த மனிசன் இப்பிடிக் கை கழுவேல்லை" என்பார் மனைவி இராசமலர்.

காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் ஃபிட்டராக இருந்தவர். தொண்ணூறில் சண்டையில் இடம்பெயர்ந்தபோது சான்றிதழெல்லாம் வீட்டு அலுமாரியோடு போயிற்று. பிறகு வந்து சேர்ந்த நியூசிலாந்தின் ஒக்லாந்தில், சான்றிதழ்த் தாள் இல்லாதவன் ஃபிட்டர் இல்லை, சாமான் எடுத்துக் கொடுக்கிற ஆள். ஆகவே நாற்பத்திரண்டு வயதில், பென்ரோஸில் பம்ப் திருத்தும் பட்டறை ஒன்றில் பயிலுநராகச் சேர்ந்தார். பயிலுநர் வைக்கிற முதலாளிக்குப் பயிற்சிச் செலவில் அரசாங்கம் கைகொடுக்கும் என்பதால் அவரும் வயதைப் பார்க்கவில்லை. செய்த வேலையைப் பயிலுநர் இந்த வேலைப் புத்தகத்தில் எழுத வேண்டும். கூட நின்று பார்த்த மூத்த ஃபிட்டர் அதற்குக் கையெழுத்து வைக்க வேண்டும். பக்கம் நிறைந்தால் தாள் கையில்.

மூத்த ஃபிட்டர் கொலின் கேட்காமலா இருந்தார்? "புக்கைக் கொண்டு வா, மேட்" என்று மாதம் தவறாமல் கேட்டார். இவர் தலையை ஆட்டிவிட்டு வீட்டில் வந்து பொரிவார்.

"அந்த எண்ணெய்ப் பிசுக்குக்குள்ளை கொண்டு போறதே? சரஸ்வதியைக் கிறீசுக்குள்ளை வைக்கச் சொல்லுறானோ?"

முழுக்க எழுதி முடித்து, கொலினை ஒரு ஞாயிறு மவுண்ட் வெல்லிங்டனில் இருக்கும் தன் வீட்டுக்கு அழைத்து, சோறு கறி கொடுத்து, மேசையில் வெள்ளைத் துணி விரித்து, எல்லாக் கையெழுத்தையும் ஒரேயடியாக வாங்குவதாகத் திட்டம். இராசமலர் ஆட்டிறைச்சிக்கே சொல்லி வைத்துவிட்டார். என்ன மனிதரோ!

நான்கு பக்கம் பாக்கி இருக்கையில், ஒரு செவ்வாய்க்கிழமை தேநீர் நேரத்தில், கொலின் கதிரையிலேயே சரிந்தார். மாரடைப்பு. ஆஸ்பத்திரி வரைக்கும் உயிர் தாங்கவில்லை. இரத்தினசிங்கம் விம்மி விம்மி அழுதார், கொலினுக்காகத்தான். செத்தவீட்டுக்குப் போய்வந்து சப்பாத்தைக் கழற்றும்போதுதான் புத்தகம் நினைவுக்கு வந்தது. அப்படி நினைத்ததற்கே அவருக்கு வெட்கமாக இருந்தது.

கொலினின் இடத்துக்கு வந்தவர் நல்ல மனிதர். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி, இவ்வளவு அழகான புத்தகத்தைத் தான் கண்டதே இல்லை என்றார். ஆனால் தான் பார்க்காத வேலைக்குக் கையெழுத்து வைக்க முடியாது என்றும் சொன்னார். பயிற்சி அலுவலகத்துப் பெண்ணும் அதையேதான் சொன்னாள். கவலைப்பட வேண்டாம், புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அரசாங்க உதவி இப்போது கூடியிருக்கிறது, முதலிலிருந்து பதியலாம் என்று முகமலர்ச்சியோடு ஒரு படிவத்தை நீட்டினாள். அரசாங்கத்தின் கணக்கில் பயிலுநர் ஒருவர் கூடினார்.

"நாப்பத்தஞ்சு வயசிலை ரெண்டாந்தரம் முதலாம் வகுப்பு" என்றார் வீட்டில்.

"இட்ஸ் ஓகே, அப்பா" என்றாள் மகள் நிசாந்தினி.

"ஓம் பிள்ளை, ஓகேதான்."

பழைய புத்தகத்தைச் சாமித்தட்டிலேயே வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை, புதிய புத்தகம் உறை இல்லாமல் அவருடைய ஓவரோல் பையில் செருகியிருந்தது. ஒரு பம்பின் பேரிங்கைக் கழற்றி மாற்றினார். கையைத் துடைக்கக்கூட இல்லை. முதல் பக்கத்தைப் பிரித்து, அடிமட்டம் இல்லாமல் இரண்டு வரி கோணலாக எழுதி, புதிய ஃபிட்டரிடம் நீட்டினார். வெள்ளைத் தாளில் பெருவிரல் கறுப்பாகப் பதிந்திருந்தது. கையெழுத்து விழுந்ததும் புத்தகத்தைத் திருப்பி வாங்கி, யார் பார்க்கிறார்கள் என்று பாராமல், அந்தக் கறையை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார்.