கண்ணகி அண்ணி தைத்த கோணல் சட்டை

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான்தான். ஆனால் பரீட்சை எழுதத் தைரியம் வேண்டும் என்பதை என் அண்ணன் மனைவி கண்ணகியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

முத்தாண்டிக்குப்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த அண்ணி, ஆறு வருடம் பக்கத்து நிலக்கரிச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தார். ஓடும் பெல்ட்டிலிருந்து சிந்தும் நிலக்கரியைக் குனிந்து அள்ளுகிற வேலை. 2003இல் கான்ட்ராக்ட் முடிந்ததும் சுரங்க நகரியத்தில் ஒரு சமுதாயக் கல்லூரியில் ஃபேஷன் டிசைனிங் சேர்ந்தார். பத்தாவது தேறாதவர்களையும் சேர்த்துக்கொள்ளும் படிப்பு.

“முப்பது வயசுல நோட்டு தூக்கிகினு போவுது பாரு” என்று தெருவில் சிரித்தார்கள்.

“போவட்டும், சோறு நான் வடிக்கிறேன்” என்றார் அண்ணன் கொளஞ்சிநாதன். வடித்தார். பாதி நாள் குழைந்துபோனது.

பண்ருட்டியில் ஒரு ரெடிமேட் பட்டறைக்காரர், சர்டிபிகேட்டோடு வந்தால் துணி வெட்டும் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார். அதனால் கடைசி செய்முறைத் தேர்வில் தேறியே ஆகவேண்டும். யாராவது ஒருவருக்கான உடையை வடிவமைத்துத் தைப்பதுதான் தேர்வு. அதை எப்படி வெட்டவேண்டும் என்று பேட்டர்ன் தாளில் வரைந்து எழுதியும் தரவேண்டும். கூடப் படித்த எவாஞ்சலின் கல்யாண கவுன் தைத்தாள். அண்ணி தைத்தது ஒரு சட்டை.

கான்ட்ராக்ட் பெண்கள் புடவைக்கு மேல் புருஷனின் பழைய சட்டையைப் போட்டுக்கொள்வார்கள். அண்ணி தன் கூட்டாளிகளிடம் கிழிந்த சட்டைகளாகக் கேட்டு வாங்கினார். பதினொன்றில் ஒன்பது, இடது கைக்குழியில், தோளோடு கை சேரும் தையலில், கிழிந்திருந்தன. மாராப்பு மடிப்பு இடது தோளில் திரண்டு நிற்க, குனிந்து அள்ளும்போது துணி இழுபடுகிறது. அதனால் இடது தோளையும் கைக்குழியையும் மட்டும் பெரிதாக வெட்டினார்.

தேர்வு அறையில் நடந்ததை எவாஞ்சலின்தான் என்னிடம் சொன்னாள். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அம்மா சட்டையைப் பொம்மைக்கு மாட்டினார். இடது பக்கம் தொங்கியது.

“என்னம்மா இது, அளவே எடுக்கலையா?” பேனா மார்க் தாளுக்குப் போய்விட்டது.

“எடுத்தேங்க மேடம். இது புடவை மேல போடறது. பொம்மைக்குப் புடவை இல்லீங்களே.”

பிள்ளைகள் சிரித்தார்கள்.

“இந்த பேட்டர்ன் தாள்ல அப்படி ஒரு வார்த்தைகூட இல்லையே?”

“எல்லாருக்கும் தெரிஞ்சதுதானேன்னு வுட்டுட்டேங்க.”

சுரங்கத்தில் வேலை செய்தவர்களுக்கு இதை எழுதி வைக்கவேண்டும் என்று தோன்றாதுதான். ஆனால் அந்த அம்மா சுரங்கத்தைப் பார்த்தவரில்லை. பேனா நகர்ந்தது.

“மேடம், நீங்களும் புடவைதானே கட்டிகினு இருக்கீங்க. ஒரு தடவ போட்டுப் பாருங்க.”

தேர்வாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். முதலில், அண்ணி காட்டுவதற்காகக் கொண்டுவந்திருந்த கிழிந்த சட்டைகளில் ஒன்றைப் போட்டுக் குனிந்தார். தையல் இன்னும் கொஞ்சம் விட்டது. பிறகு அண்ணியின் சட்டையைப் போட்டுக்கொண்டு தரையில் கிடந்த வெட்டுத்துணிகளை இரண்டு கையாலும் அள்ளினார்.

“இன்னும் குனியலாமா?”

“நல்லா குனியுங்க. அதுக்குத்தான் தெச்சேன்.”

நிமிர்ந்தவர், சட்டையைக் கழற்றாமலே மார்க் போட்டார். உடைக்கு முழு மதிப்பெண், பேட்டர்ன் தாளுக்கு இருபதில் நான்கு.

“இந்த நாலு மாறாது. ஆனா இப்ப உக்காந்து எழுதும்மா. உன் தாளைப் பாத்து வெட்டுறவன் சுரங்கத்தைப் பாக்காதவனா இருப்பான்.”

அண்ணி உட்கார்ந்து எழுதினார்: “இடது தோள், மாராப்புக்காக ஒன்றரை அங்குலம் கூடுதல்.”

தேறிவிட்டார். இப்போது பண்ருட்டிப் பட்டறையில் அவர் எழுதிக் கொடுக்கும் தாளைப் பார்த்து மூன்று ஆண்கள் துணி வெட்டுகிறார்கள். ஒருவரும் அவரிடம் வந்து சந்தேகம் கேட்கவேண்டியதில்லை.