செல்வராணி சேர்த்த வரிகள்

செல்வராணி இறந்த செய்தி வாட்ஸ்அப் குழுவில் வந்தது. கீழே வரிசையாகக் கூப்பிய கைப் படங்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. தஞ்சாவூரில் ஒரே அறையில் அவரோடு ஒன்பது வருடம் நிரல் எழுதியவன் நான். நானும் அந்தக் கைப் படத்தைப் போட்டுவிட்டுப் போக முடியவில்லை.

அது ஃப்ளாப்பி காலம். கிராம நிலக் கணக்கைக் கணினியில் ஏற்றும் வேலை எங்கள் சிறிய நிறுவனத்துக்கு வந்திருந்தது. ஒரே நிரலை அவரும் நானும் தனித்தனியே திருத்துவோம். ஒப்பிடும் கருவி இரண்டு பிரதிகளையும் திரையில் இடமும் வலமுமாக நிறுத்தி, மாறிய வரிகளை நிறமிட்டுக் காட்டும். எது நிற்க வேண்டும் என்று நாங்கள் சொன்னால் இரண்டையும் ஒரே கோப்பாக இணைக்கும்; ஒரே அழுத்தில் ஒரு பிரதியை முழுதாகவும் எடுக்கலாம். செல்வராணி ஒவ்வொரு வரியாகத்தான் சொல்வார். "அவசரப்பட்டா வரப்பையும் சேத்து உழுதுடுவோம் சார்" என்பார். நாற்று நடும் கூலிக் குடும்பத்துப் பெண். வீட்டில் முதல் பட்டதாரி. ஆமை என்று கிண்டல் செய்வேன். சிரிப்பார், வேகத்தை மட்டும் கூட்டமாட்டார்.

ஒரு ஜமாபந்தி நாள். தாலுகா அலுவலகத்தில் ஊர் ஊராகக் கூப்பிட்டு நிலக் கணக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். எந்த வயலில் யார் சாகுபடி என்று காட்டும், நாங்கள் அச்சடித்த அடங்கல் நகலோடு, குத்தகைக்குச் சாகுபடி செய்யும் தைலம்மை எங்கள் அறைக்கே வந்துவிட்டார்.

"எம் பேரக் காணுமேம்மா. நெலத்துக்காரரு அங்கதான் உக்காந்துருக்காரு. பேரு இல்லன்னா நெலத்த விட்டு எறங்குன்னுடுவாரு."

செல்வராணி பழைய ஃப்ளாப்பிகளைப் போட்டு ஒப்பிட்டார். குத்தகைதாரர் பெயரை அச்சிடும் வரிகள் அவருடைய பிரதியில் இருந்தன. இணைத்த கோப்பில் இல்லை. யாரோ ஒரே அழுத்தில் மற்ற பிரதியை முழுதாக எடுத்திருந்தார்கள். கடிகாரத்தைப் பார்த்தேன். தைலம்மையின் ஊரைக் கூப்பிட ஒரு மணி நேரம்கூட இல்லை.

"உங்க பிரதியவே அப்படியே போட்டுடலாமே" என்றேன்.

"அப்ப நீங்க பண்ண பட்டா திருத்தம் போயிடும் சார். அதுலயும் யாரு பேராவது இருக்கும்ல?"

வரி வரியாகவே சேர்த்தார். தைலம்மை கதவருகே நின்று அச்சுப்பொறியையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நிதானத்தை அன்று நான் வெறுத்தேன்.

தாள்களை அள்ளிக்கொண்டு மூவரும் ஆட்டோவில் ஓடினோம். ஊரைக் கூப்பிட்டுவிட்டிருந்தார்கள்.

"காலையில ஒண்ணு, இப்ப ஒண்ணா? யாரு பண்ண வேல இது?" என்று அதிகாரி அத்தனை பேர் முன்னால் கேட்டார். நான் தரையைப் பார்த்தேன்.

"நான்தான் சார். இணைக்கறப்ப தவறிடுச்சு. கிராமத்துக் கைப்பதிவேட்ட எடுத்துப் பாருங்க, இந்தம்மா பேரு இருக்கும்" என்றார் செல்வராணி.

இருந்தது. தைலம்மையின் பெயர் நின்றது. தவறு தன்னுடையது என்று செல்வராணி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவருக்கு வரவேண்டிய தலைமைப் பொறுப்பை, அந்தக் கடிதத்தைக் காட்டித்தான் நிறுவனம் எனக்குக் கொடுத்தது.

அந்த அழுத்து என்னுடையது. முந்தின நாள் சாப்பாட்டுக்குப் போகிற அவசரம். அறையில் இருந்தது நாங்கள் இருவர்தான்; அவருக்குத் தெரியாமல் இருக்காது. அவர் கேட்கவில்லை. நானும் கடைசிவரை சொல்லவில்லை.

அவரை அறிந்தவர்களே, உங்களிடமாவது சொல்கிறேன். செல்வராணியுடையது என்று என்னிடம் இருந்தது, நான் ஓய்வுபெறும்வரை உட்கார்ந்திருந்த அந்தத் தலைமை நாற்காலிதான்.