இயந்திரம் நின்ற பின்பும் நிற்காத இரைச்சல்

சென்ற ஆண்டு தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசத் தொடங்கிய நாட்களில், புங்குடுதீவிலுள்ள எமது வீட்டு முற்றத்தில் நிகழ்ந்தது இது. எம்மிடம் ஒரு பழைய இங்கிலாந்துக் கார் உண்டு; என்னிலும் சற்றே இளையது. அதன் திருத்த வேலைகளை நான் எவரிடமும் முறையாகக் கற்றவனல்லன். கழற்றியும் பூட்டியும் நானே அறிந்துகொண்டேன். பற்றரி படுத்துவிடாதிருக்க, நாள்தோறும் காலையில் அதனைச் சிறிது நேரம் இயக்கிவைப்பது வழக்கம். அவ்வேளையில் நானும் மனைவியும் தேநீருடன் அதனுள் அமர்ந்து, அதிலுள்ள பழைய வானொலியில் கடலுக்கு அப்பாலிருந்து வரும் சங்கீதத்தைக் கேட்போம். முழங்கால் நோவினால் வெளியே அதிகம் செல்லாத அவருக்கு அதுவே கச்சேரி மண்டபம்.

அந்த வானொலியில் ஒருநாள், தாச்சியில் கடுகு வெடிப்பது போன்றதோர் இரைச்சல் புகுந்தது.

“இஞ்சேருங்கோ, பாடுறவர் வறுபடுறார்” என்றார் மனைவி.

அடுத்தடுத்த நாட்களில் பாட்டே கேட்க முடியாமற் போயிற்று. வெளிநாட்டிலுள்ள மகள் காரை விற்கும்படி நெடுநாளாக வற்புறுத்தி வந்தாள். திருமணங்களுக்கு வாடகைக்கு விடுவதற்காக யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவரும் கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஆஸ்பத்திரிக்குப் போக ஓட்டோ போதும். பாட்டுக்காகத்தான் விக்க வேண்டாமெண்டு சொன்னனான். அதுவும் இல்லையெண்டால் குடுத்துவிடுங்கோ” என்று மனைவி கூறினார்.

அவர் கூறியது நியாயமாக இருந்ததே எனக்கு வருத்தம். வாங்க விரும்பியவரை ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னேன். அதற்குள் இரைச்சலைப் பிடித்துவிடுவதென உறுதி பூண்டேன்.

பிளக் வயர்களை மாற்றினேன். டைனமோவைக் கழற்றித் துப்புரவாக்கினேன். வானொலிக்குத் தனியே ஒரு வயர் இழுத்தேன். இரைச்சல் அசையவில்லை. ஊரைவிட்டுக் கடலின் குறுக்கே செல்லும் தாம்போதிக்கு ஓட்டிச் சென்றபோது மட்டும் அது தணிந்தது. இயந்திரம் சூடேறியதும் அடங்குகிறது என முடிவுகட்டி, மறுபடியும் இயந்திரத்தையே பிரித்தேன்.

இத்தனை சோதனையிலும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வானொலியை நான் ஒருபோதும் கேட்டுப் பார்க்கவில்லை. பெற்றோல் கிடையாத யுத்த காலத்தில் நாம் மண்ணெண்ணெயில் கார் ஓடினோம். இயந்திரத்தை எழுப்ப மட்டும் சில துளி பெற்றோல் விடுவோம். ஆகவே, எழுப்பியதை இலேசில் நிறுத்தமாட்டோம். அந்தப் பழக்கம் கையில் ஊறிவிட்டது. போதாததற்கு, ஸ்டார்ட்டர் வேலை செய்யாததால் இப்போது எனக்காகக் காரின் முன்னால் நின்று ஹாண்டில் சுற்றி அதை எழுப்புபவர் அயலிலுள்ள கடற்றொழிலாளி.

“அண்ணை, ஒருக்காத்தான் சுத்துவன். பிறகு நிண்டால் உங்கட பாடு” என்று அவர் முன்கூட்டியே எச்சரித்துவிடுவார்.

வெள்ளிக்கிழமை காலை, இரைச்சலின் ஏற்ற இறக்கத்தைக் கேட்டுச் சொல்லும்படி மனைவியை உள்ளே இருத்திவிட்டு நான் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தேன். பெற்றோல் தீர்ந்து இயந்திரம் தானாக அடங்கியது.

“கார் நிண்டிட்டுது. இது ஏன் இன்னும் கத்துது?” என்றார் மனைவி.

“நீர் சும்மா இரும். பற்றரியில மிச்சம் இருக்கும்.”

“மிச்சமெண்டால் முடிய வேணுமெல்லோ?”

அது முடியவில்லை. ஓடாத காரின் வானொலியில் கடுகு வெடித்துக்கொண்டே இருந்தது.

இரைச்சல் வெளியிலிருந்து வருகிறதா என்று பார்க்க, அயலவரான கடற்றொழிலாளியை அழைத்து, காரைப் படலைக்கு வெளியே தள்ளினோம். மனைவி உள்ளே இருந்தார்.

“அண்ணை, இவ்வளவு காலமும் இது உங்களைக் கொண்டு போனது. இப்ப நாங்கள் இதைக் கொண்டு போறம்” என்றார் அயலவர், மூச்சு வாங்கியபடி.

“கதையாமல் தள்ளும். கூடுது... இன்னும் கூடுது” என்று உள்ளிருந்து குரல் வந்தது.

ஒழுங்கை திரும்பும் முடக்கிலுள்ள மின்கம்பத்தடியில் இரைச்சல் பாட்டை முற்றாக விழுங்கிற்று. அயலவர் நிமிர்ந்து பார்த்தார்.

“பொழுதுபட இதின்ர உச்சியில மினுங்கிறதைக் கண்டனான். மின்மினியெண்டு விட்டிட்டன்” என்றார்.

அறிவித்ததும் மறுநாளே மின்சார ஊழியர்கள் வந்தனர். கம்பியைத் தாங்கும் பீங்கான் வெடித்து, கடற்காற்றின் உப்புப் படிந்து, அதன் வழியே மின்சாரம் பொறியாகக் கசிந்திருந்தது. புதியதொன்றைப் பூட்டிச் சென்றார்கள்.

ஞாயிறு காலை காரை இயக்கினோம். இரைச்சல் இல்லை. ஆயினும் ஐயம் தீரவேண்டுமென்று, பாட்டின் நடுவே நானே இயந்திரத்தை நிறுத்தினேன். பாடகரின் குரலுக்கு அடியில் மெல்லியதொரு ரீங்காரம் தொடர்ந்து கேட்டது. மீண்டும் ஏதோ பழுதென்று பதைத்தேன். மனைவி காதைச் சரித்துக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“அது தம்புரா.”

இத்தனை ஆண்டுகளில் அந்த வானொலியில் நாம் தம்புராவைக் கேட்டதே இல்லை. வாங்க வந்தவருக்குத் தேநீர் கொடுத்து, மன்னிப்பும் கேட்டு அனுப்பிவைத்தோம்.

பற்றரிக்காகச் சிறிது நேரம், பின்னர் இயந்திரத்தை அணைத்துவிட்டுப் பாட்டுக்காகச் சிறிது நேரம் என்று இப்போது எம் காலைகள் கழிகின்றன. வெளியிலிருந்து வந்த இரைச்சலை அத்தனை நாள் தேடிய நான், என் கையாலேயே இயக்கிவைத்திருந்த இயந்திரத்தை இரைச்சலென்று ஒருநாளும் எண்ணவில்லையே என்பதைத் தம்புரா ஒலிக்கும் ஒவ்வொரு காலையிலும் நினைத்து, எனக்குள் சிரித்துக்கொள்கிறேன்.