தம்புரா நின்ற இடம்

நீதிமன்றத்தில் தட்டச்சு வேலை பார்த்த அவளை அங்கே ‘டைப்பிஸ்ட் அம்மா’ என்பார்கள். மேடைகளில் ‘தம்புரா அக்கா’. தங்கை கச்சேரி பாட ஆரம்பித்ததிலிருந்து இருபத்திரண்டு வருடம், பின்னால் உட்கார்ந்து நான்கு தந்திகளை மீட்டிக்கொண்டிருந்தாள். புகைப்படங்களில் பாதி முகம்தான் விழும்.

தங்கைக்கு ஒரு ஜாஸ் குழுவோடு பாட அழைப்பு வந்தது. பியானோ வாசிப்பவர் பகலில் பல் டாக்டர்; அவர் கிளினிக் மாடியில்தான் ஒத்திகை. முதல் நாளே ஒட்டவில்லை. பியானோ அடுக்கடுக்காக ஸ்வரங்களை மாற்றிக்கொண்டே நகர்ந்தது. தம்புரா ஒரே ஷட்ஜத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது. மூன்றாம் நாள் டாக்டர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“தப்பா எடுத்துக்காதீங்க. பியானோ நகரும்போது தம்புரா இடிக்குது. அந்த இடத்துல மட்டும் நிறுத்திட்டா...”

தங்கைக்கு முகம் சிவந்துவிட்டது. “அக்கா இல்லாம நான் பாடமாட்டேன். எந்திரிக்கா, போகலாம்.”

அக்கா எழுந்திருக்கவில்லை. “பல்லு பிடுங்குறவருக்கு எது இடிக்குதுன்னு தெரியாதா? உக்காருடி.” யாரும் சிரிக்கவில்லை. “ஆலாபனை வரைக்கும் மீட்டுறேன். டிரம்ஸ் ஆரம்பிச்சதும் நிறுத்திடுறேன்.”

திரும்பும்போது பேருந்தில் தங்கை வேறு இருக்கையில் போய் உட்கார்ந்தாள்.

நிகழ்ச்சியன்று ஆலாபனை முடிந்து டிரம்ஸ் மெல்ல எழுந்தது. அக்கா உள்ளங்கையால் தந்திகளை அமர்த்தினாள். சுருதி நின்றதும் தங்கையின் குரல் தடுமாறியது, திரும்பிப் பார்த்தாள். அக்கா தலையை மட்டும் அசைத்தாள். பியானோ நகர, குரல் அதன் பின்னாலேயே போய், ஒரு சுற்று முடிந்ததும் தன் ராகத்துக்கு வந்து சேர்ந்தது. அடுத்த சுற்றில் பயமில்லை. சாக்ஸபோன் கேட்டதற்கெல்லாம் ஸ்வரத்தில் பதில் சொன்னாள். நாற்பது நிமிடமும் அக்கா, ஊமையாகிவிட்ட தம்புராவைத் தோளில் சாய்த்துக்கொண்டு எல்லோர் கண்ணெதிரிலும் உட்கார்ந்திருந்தாள். விரல்களை என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஒப்பனை அறையில் தங்கை உடைந்து அழுதாள். “உன்னைச் சும்மா உக்கார வச்சுட்டேனேக்கா.”

“அட போடி. இத்தனை வருஷமா என் காது தந்தியிலயே இருந்துச்சு. இன்னைக்குத்தான் நீ பாடுறத முழுசா கேட்டேன்.” மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “ரெண்டு இடத்துல நிஷாதம் சுருதி விட்டு இறங்கிடுச்சு.”

அதன்பின் அந்தக் குழுவின் மேடையில் அவள் ஏறவில்லை. ஆலாபனைக்குக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பவரே ஒற்றை ஸ்வரத்தைப் பிடித்துக் கொடுத்தார். அவள் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் வரிசையில் நின்று டிக்கெட் வாங்கி, மூன்றாம் வரிசையில் கண்மூடி உட்கார்ந்திருப்பாள். வீட்டில் காலைச் சாதகத்துக்கு மட்டும், வேலைக்குக் கிளம்புமுன், அவள்தான் தம்புரா.