ஓடாத கம்பைலரை ஓட வைத்த கதை

அந்த நீலத் திரையைப் பார்த்தாலே எனக்கு இப்போது வெறுப்பு வருகிறது. அதை மறுபடி லேபுக்குள் கொண்டுவந்தவள் நான்தான் என்பதை நினைத்தால் இன்னும் அதிகமாக.

கேரளத்தில், பாலக்காட்டுச் சித்தூர் பக்கம் ஒரு கல்லூரியில் கெஸ்ட் லெக்சரராகச் சேர்ந்த முதல் வருடம் அது. கம்ப்யூட்டர் லேபின் பழைய கணினிகள் போய்ப் புதியவை வந்தன, புதிய விண்டோஸோடு. பிள்ளைகள் எழுதும் சி நிரல்களைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித் தர அங்கே ஒரு கம்பைலர் வைத்திருந்தார்கள். நான் பிறப்பதற்கு முன்பே வந்தது. டாஸ் காலத்து மென்பொருள். நீலப் பின்னணி, மஞ்சள் எழுத்து. புதிய கணினியில் அதைச் சொடுக்கினால், இந்தச் செயலி இங்கே ஓடாது என்று ஒரு சிறு பெட்டி வந்து நிற்கும்.

ஓடாதது நல்லது என்று அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் புதிய கம்பைலர்கள் எத்தனையோ உண்டு. பாடத்திட்டத்தில் சி மொழி என்றுதான் இருந்தது. இந்த மென்பொருளின் பெயர் எங்கேயும் இல்லை. கல்லூரி அச்சடித்து வைத்திருந்த லேப் மேனுவலில் மட்டும்தான் இருந்தது. அதைத் திருத்தி எழுதினால் போதும்.

துறைத் தலைவியே அதைச் சொன்னார். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வயலும் தோப்பும் உள்ள குடும்பத்துப் பெண்மணி. "ஏனுங்க டீச்சர், ஓடலீன்னா உடுங்க. புதுசுக்கே மாறிக்கலாம். மேனுவலைத்தான் திருப்பி எழுதோணும், என்ன பண்றது" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "கோயமுத்தூர்ல இருந்து வந்து பார்த்த சர்வீஸ்காரரே முடியாதுன்னு போயிட்டாரு. நீங்க பாவம், எஸ்டேட்ல இருந்து வந்திருக்கறீங்க. உங்களுக்கு இதெல்லாம் எங்கீங்க பழக்கம்?"

நான் தேவிகுளத்துக்குக் கீழே ஒரு எஸ்டேட் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், வளர்ந்தவள். அம்மா கொழுந்து பறிக்கிறாள், அப்பா தேயிலை ஃபேக்டரியில். இருவரும் பள்ளிக்கூடம் போனதில்லை. வீட்டுக்கு வரும் எந்தக் காகிதத்தையும் ஐந்தாம் வகுப்பிலிருந்து நான்தான் படித்துச் சொல்வேன். மலையாளத்தில் வரும் தாலுக்கா ஆபீஸ் கடிதமோ, மருந்துச் சீட்டோ, எதுவானாலும் நான்தான். தெரியாது என்று நான் சொன்னதே இல்லை. சொன்னால் அந்த வீட்டில் அடுத்துக் கேட்க ஆள் கிடையாது.

"குடுங்க மேடம், நான் பாக்கேன்" என்றேன்.

மூன்று நாள் ஆனது. பழைய டாஸ் கணினியைப் போலவே நடிக்கும் டாஸ்பாக்ஸ் என்ற சிறு மென்பொருளை முதலில் நிறுவினேன். அதற்குள் கம்பைலரை வைத்தேன். திறக்கும்போதெல்லாம் கோப்புறையின் முகவரியை அடிக்க வேண்டியிருந்தது. பிள்ளைகள் தவறாக அடிப்பார்கள் என்று, அந்த வரிகளைத் தானாகவே ஓடும்படி எழுதிவைத்தேன். மவுஸ் அந்தச் சின்ன ஜன்னலுக்குள் மாட்டிக்கொண்டு வெளியே வராது. அதற்கும் வழி கண்டேன். கடைசியில் ஒரே சொடுக்கில் நீலத் திரை எழுந்து நின்றது. எல்லாக் கணினிகளிலும் ஏற்றிவிட்டு அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"அம்மா, யாராலயும் ஓட்ட முடியாதத நான் ஓட வச்சிட்டேன்."

"என்னத்தட்டி? மோட்டாரா?"

"கம்ப்யூட்டர்ல ஒண்ணு."

"அதான பாத்தேன். மோட்டார்னா ஒங்கப்பன வரச் சொல்லுவேன். ஃபேக்டரியில ஒண்ணு படுத்துக் கெடக்கு."

தலைவி ஸ்டாஃப் ரூமில் எல்லோர் முன்னாலும் கைதட்டினார். "மேனுவல் எழுதற வேலை மிச்சமுங்க!" மாற்றம் என்ற பேச்சே அன்றோடு போயிற்று. நான் அதைக் கவனிக்கவில்லை. கைதட்டலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிராக்டிகல் பரீட்சை வந்தது. தேர்வாளர்களாக, வேறு கல்லூரியிலிருந்து ஒரு மலையாளி எக்ஸ்டெர்னல், உள்ளிருந்து நான். என் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். கள் இறக்கும் தொழிலாளியின் மகள், அவள் வீட்டிலும் அவள்தான் முதலில் படிக்கிறவள். வீட்டில் கணினி கிடையாது. போனில் ஒரு புதிய கம்பைலரை இறக்கிக்கொண்டு, பஸ்ஸில் வரும்போதுகூட நிரல் எழுதுவாள். இந்தப் பேப்பரில் நல்ல மார்க் வந்தால்தான் பாலக்காட்டில் மேலே படிக்க இடம் கேட்க முடியும் என்று என்னிடம் சொல்லியிருந்தாள்.

அவளுக்கு வந்த கேள்வி ஃபாக்டோரியல். ஓர் எண்ணைக் கொடுத்தால், ஒன்றிலிருந்து அதுவரை எல்லாவற்றையும் பெருக்கிச் சொல்ல வேண்டும். பத்து நிமிடத்தில் எழுதிவிட்டாள். சரிபார்க்க எட்டு என்று கொடுத்தாள். நாற்பதாயிரத்து முந்நூற்று இருபது வர வேண்டும். மைனஸ் இருபத்தையாயிரத்து இருநூற்றுப் பதினாறு வந்தது.

அவள் திரையையே பார்த்தாள். நிரலை மேலிருந்து கீழாகப் படித்தாள். மறுபடி எட்டு. மறுபடி மைனஸ். பிறகு, தவறே இல்லாத நிரலில் தவறு தேட ஆரம்பித்தாள். வரிகளை அழித்தாள், மாற்றினாள், இருந்த இடத்திலேயே திருப்பிப் போட்டாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தப் பழைய கம்பைலரில் சாதாரண முழு எண் முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சத்துக்கு மேல் தாங்காது. அதைத் தாண்டினால் மைனஸில் போய் விழும். அவள் போனில் அந்தத் தொல்லை இல்லை. இதை நான் வகுப்பில் ஒரு வரியாகச் சொல்லியிருக்கிறேன். ஒரு நாளும் ஓட்டிக் காட்டியதில்லை. ஏனென்றால் மேனுவலில் அந்த நிரலுக்குக் கொடுத்திருக்கும் எண் ஐந்து, விடை நூற்றிருபது. எல்லாப் பிள்ளைகளின் ரெக்கார்ட் நோட்டிலும் ஐந்து, நூற்றிருபது. நான் படித்த கல்லூரியில் என் ரெக்கார்டிலும் அதுவேதான். பட்டம் வாங்கி, பாடம் நடத்தவும் வந்துவிட்டேன். ஒரு தடவைகூட எட்டு கொடுத்துப் பார்த்ததில்லை.

எக்ஸ்டெர்னலிடம் போய் மெதுவாகச் சொன்னேன். "சார், அந்தப் பொண்ணு எழுதுனது சரி. சாஃப்ட்வேர்தான் தாங்க மாட்டேங்கு."

அவர் பேனாவைக்கூடக் கீழே வைக்கவில்லை. "டீச்சரே, அது எனக்கும் அறியாம். எல்லா குட்டிகளும் அஞ்சு கொடுக்கும், நூத்தியிருபது வரும், நான் மார்க் இடும். இந்தக் குட்டி மட்டும் எந்தினா எட்டு கொடுத்தது?"

தெரியுமாம். தெரிந்துகொண்டே வருடா வருடம் வந்து, ஐந்துக்கு மார்க் போட்டுவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போகிறார். அவருடைய நிதானம் எனக்கு அருவருப்பாக இருந்தது.

"அவுட்புட் தப்பானா மார்க் இல்ல. டைம் கழியுது. அஞ்சு கொடுக்கச் சொல்லு" என்றார்.

நான் சண்டை போட்டிருக்கலாம். மார்க் லிஸ்டில் என் கையெழுத்தும் வேண்டும். போட மாட்டேன் என்றிருக்கலாம். ஆனால் அவள் மார்க் அந்தப் பேனாவில் இருந்தது. அவள் பின்னால் போய் நின்றேன்.

"முதல்ல எழுதுன மாதிரியே வச்சிட்டு, அஞ்சு குடும்மா."

அவள் திரும்பினாள். "அப்ப நா எழுதுனது சரிங்களா, தப்புங்களா டீச்சர்?"

எக்ஸ்டெர்னல் என் தோளுக்கு அருகே நின்றார். "குடும்மா" என்றேன்.

ஐந்து அடித்தாள். நூற்றிருபது. "கண்டோ, ஓகே" என்று அவர் ஏட்டில் எழுதிக்கொண்டு அடுத்த கணினிக்குப் போனார்.

மாலையில் கதையைக் கேட்டுத் தலைவி சிரித்தார். "எட்டுக் குடுத்தாளாமா? குறும்புதான் போங்க." மேனுவலை மாற்றுவோம் மேடம் என்றேன். "அதானுங்க நீங்க ஓட வெச்சுட்டீங்களே" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பஸ் ஸ்டாப்பில் அந்தப் பெண் தனியாக நின்றிருந்தாள். போனை என் முன்னால் நீட்டினாள். அதே நிரல், எட்டு, நாற்பதாயிரத்து முந்நூற்று இருபது.

"சரிதானுங்களே?"

"சரிதான்."

"உங்களுக்கு அங்கயே தெரியுமுங்களா?"

"தெரியும்."

பாலக்காடு பஸ் வந்தது. மார்க் கிடைச்சிடும், கவலைப்படாதே என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் ஏறி, என் பக்கம் பார்க்காத ஜன்னலோரமாக உட்கார்ந்துகொண்டாள்.