மந்திரமல்ல, மறுமொழி

லாசால் என்ற புறநகரில் நான் வேலை செய்யும் சமையல்கூடத்தில் ஜமேக்காக்காரர் ஒருவர் தலைமைச் சமையல்காரர். வீட்டு பேஸ்மென்ட்டில் ஒலிப்பதிவும் செய்வார். போன வருடம் ஒரு ரெகே தொகுப்புக்கு ஆள் சேர்த்தார். ஒரே ரிதிம், அதாவது ஒரே டிரம், ஒரே பேஸ். அதன்மேல் ஒவ்வொருவரும் தங்கள் சொல்லையும் மெட்டையும் போட்டுப் பாட வேண்டும். அடுப்பு ஒன்று, கறி வேறு வேறு.

மாதா கோயில் பாடகர் குழுவில் நான் பாடுவது அவருக்குத் தெரியும். "நீயும் ஒன்று பாடு" என்றார். நான் துள்ளிக் குதிக்காததுதான் குறை. விடிய பஸ்ஸுக்கு நிற்கும் குளிரைப் பற்றி எழுதினேன். "குளிரே, நீ நில்லு, நான் போறன்" என்பது பல்லவி. அந்தத் தொகுப்பில் முழுக்கத் தமிழில் ஒரு பாட்டு இருந்தே ஆக வேண்டும் என்று எனக்குப் பிடிவாதம்.

ஞாயிறு பூசை முடிந்து நேரே அவர் வீட்டுக்குப் போனேன். ஹெட்போனில் அவர் ஆங்கிலத்தில், "கேட்கிறதா? தொடங்கலாமா?" என்றார். பதற்றத்தில் எனக்கு இங்கிலிஸ் ஓடிவிட்டது. "ஓம்... ஓம்..." என்றேன். பிறகு பாடினேன்.

அடுத்த ஞாயிறு போட்டுக் காட்டினார். என் பாட்டைக் காணோம்! ரிதிம் போகிறது, இடையிடையே என் குரலில் "ஓம்... ஓம்..." என்று குகைக்குள்ளிருந்து வருகிற மாதிரி எதிரொலி. அவர் கண்ணை மூடித் தலையாட்டினார்.

"உன் வாயில் புனிதச் சொல் வந்தது. தமிழ் வரிகள் யாருக்கும் விளங்காது. இது உலகத்துக்கே விளங்கும்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. மன்னாரில் ஞானஸ்நானம் பெற்ற வேதக்காரி நான், பூசை முடித்த கையோடு மந்திரம் ஓதினேனாம்!

"அண்ணை, அது மந்திரமில்லை. நீங்கள் கேட்டதுக்கு மறுமொழி. எங்கட ஊரில ஓம் எண்டால் யெஸ்."

விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் மசியவில்லை. நாளைக்கு அனுப்ப வேண்டும், இப்படியே இருக்கட்டும் என்றார்.

"அப்ப என்னை எடுத்துவிடுங்கோ."

 அந்தத் தொகுப்பில் இருக்க எனக்குக் கொள்ளை ஆசை. இருந்தாலும் விடவில்லை. "அடுப்படியில நீங்கள் போடுற பாட்டுகளை இவ்வளவு காலமும் கேக்கிறன். அரைவாசி எனக்கு விளங்காது. விளங்கேல்லை, நிப்பாட்டுங்கோ எண்டு ஒருநாளாவது சொன்னனானோ?"

 அவர் ஹெட்போனை என்னிடம் நீட்டினார். கோபம் ஆறாமலே பாடினேன். முதல் தடவையைவிட நன்றாக வந்தது. அதையே அனுப்பினார்.

இப்போது சமையல்கூடத்தில் அந்தப் பாட்டு ஓடும். நேற்று வெங்காயம் வதக்கிக்கொண்டே அவரும் கூடப் பாடினார், "நான் போறான்" என்று. கரண்டியை வைத்துவிட்டு அவர் முன்னால் போய் நின்றேன்.

"போறான் எண்டால் வேற ஆரோ போறான், அண்ணை. போறது நான். போறன் எண்டு சொல்லுங்கோ."